வெள்ளிமலை சிதையாமல் அச்சேற

கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பெண் எம்.எஸ்சி. கணிதம் படிக்கச் சமவெளிக்கு இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டில் புராஜெக்ட் வரும். "ரிப்போர்ட்டை லேடெக்ல பண்ணிட்டு வாம்மா" என்பார் வழிகாட்டிப் பேராசிரியர். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அது என்ன, எங்கே கற்பது, எதில் தொடங்குவது என்பதெல்லாம் அவளே தேடிக்கொள்ள வேண்டியவை. சீனியர் யாராவது ஒரு பழைய கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பார். அதில் பெயரையும் தலைப்பையும் மட்டும் மாற்றிப் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். உள்ளே என்னதான் இருக்கிறது என்று புரிந்துகொள்ள ஆசைப்படுகிறவளுக்குத்தான் திண்டாட்டம். கைப்பேசியில் தேடினால் பாடங்கள் கொட்டுகின்றன: பத்து நிமிடக் காணொளி, நூற்றுக்கணக்கான பக்கங்களில் பிடிஎஃப், 'ஒரே நாளில் நிபுணராகலாம்' என்று ஆசை காட்டும் கட்டண வகுப்பு. விடுமுறைக்கு மலைக்குத் திரும்பினால் சிக்னல் வரும், போகும். ஓடிக்கொண்டிருக்கும் காணொளி பாதியில் நிற்கும்.

இப்படிப்பட்ட மாணவிக்குப் பாடங்கள் குறைவு என்று சொல்ல முடியாது. கிடைப்பதில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் கேள்வி. அதற்கு முதலில் லேடெக் போன்ற மார்க்அப் மொழிகள் என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டும்.

வேர்டு மென்பொருளில் ஒரு தலைப்பு எழுதுகிறோம். அதைத் தேர்ந்தெடுத்து, தடித்த எழுத்தாக்கி, அளவை 16 ஆக்குகிறோம். நம் கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கோ அது தடித்த, 16 புள்ளி அளவுள்ள சில எழுத்துகள் மட்டுமே. நூறு பக்க அறிக்கையில் எல்லாத் தலைப்புகளையும் 14 ஆக்கச் சொன்னால் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருக்கும். (வேர்டிலும் 'ஸ்டைல்' வசதி உண்டு. பயன்படுத்துகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம்.) மார்க்அப் மொழியில் தோற்றத்தைச் சொல்வதில்லை, அது என்ன என்று சொல்கிறோம். உதாரணமாக எக்ஸ்எம்எல் மொழியில்:

<கட்டுரை>
<தலைப்பு>மலையும் ஊர்களும்</தலைப்பு>
<பத்தி><ஊர்>கரியாலூர்</ஊர்> <மலை>கல்வராயன்</மலை> மலையில் இருக்கிறது. வட்டத்தின் தலைமையிடம் <ஊர்>வெள்ளிமலை</ஊர்>.</பத்தி>
</கட்டுரை>

இது வெறும் விளக்கத்துக்காகத் தமிழாக்கியது இல்லை. எக்ஸ்எம்எல் விதிப்படி குறிச்சொற்களின் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். மேலே உள்ளதை அப்படியே ஒரு கோப்பாகச் சேமித்தால் எந்த எக்ஸ்எம்எல் மென்பொருளும் முணுமுணுக்காமல் படிக்கும். சந்தைக்கு இறங்கும் கடுக்காய் மூட்டையில் கட்டிய சீட்டு உள்ளே இருப்பது என்ன என்று சொல்கிறது; அதை எந்தக் கடையில், எந்த மூலையில் அடுக்குவது என்பது வேறொருவர் வேலை. மார்க்அப்பும் அவ்வளவுதான். இப்படிக் குறித்துவிட்டால், எல்லா ஊர்ப் பெயர்களையும் சாய்வெழுத்தாக்கு என்று ஒரே இடத்தில் கட்டளை எழுதினால் போதும். ஊர்ப் பெயர் அகராதி ஒன்று தானாகத் தயாராகும். அதே கோப்பிலிருந்து அச்சுப் பக்கமும் இணையப் பக்கமும் எடுக்கலாம்.

இந்த எண்ணத்தை முதலில் உருப்படியாகச் செய்து காட்டியவர்கள் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவர். 1969இல் அவர்கள் உருவாக்கிய ஜிஎம்எல் வளர்ந்து 1986இல் எஸ்ஜிஎம்எல் என்ற உலகத் தரமாயிற்று. இணையத்தின் எச்டிஎம்எல் அதிலிருந்து பிறந்தது. 1998இல் வந்த எக்ஸ்எம்எல் அதன் சுருக்கப்பட்ட வடிவம். இந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் வேறொரு கிளை வளர்ந்தது. 1977இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்டு நூத் தன் கணினியியல் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த புரூஃபைப் பார்த்து நொந்துபோனார். ஈய அச்சில் அழகாக இருந்த கணிதப் பக்கங்கள் புதிய ஒளியச்சில் அலங்கோலமாகியிருந்தன. நூலை ஓரமாக வைத்துவிட்டு அச்சுக்கோக்கும் நிரல் எழுத உட்கார்ந்தார். ஓராண்டில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை ஏறக்குறைய பத்தாண்டுகளை விழுங்கியது. அதுதான் டெக். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டிய எளிய அடுக்கு லேடெக். கணிதம், இயற்பியல், கணினியியல் ஆய்வுத்தாள்களில் பெரும்பகுதி இன்றும் இதில்தான் எழுதப்படுகிறது.

வரலாற்றைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பாடம் பழையதா, புதியதா என்பதை மொழியின் குணத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும். டெக்கை நூத் உறையவைத்துவிட்டார். பிழை திருத்துவதைத் தவிர எதுவும் மாறாது. திருத்தும் ஒவ்வொரு முறையும் பதிப்பு எண் 'பை'யின் மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நகரும். 2021இல் அது 3.141592653. ஆகவே 1984இல் வந்த 'டெக்புக்' இன்றைக்கும் செல்லுபடியாகும். லேடெக் அப்படியில்லை. 1994இல் இன்றைய வடிவம் வந்தது. அதன் பிறகும் துணைத்தொகுப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. எச்டிஎம்எல் இன்னும் வேகம். அதில் பத்தாண்டுப் பழைய பாடத்தைக் கையில் எடுத்தால் பாதி நேரம் மறப்பதற்குத்தான் செலவாகும்.

லேடெக் பாடத்தின் வயதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சமன்பாடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க 'இக்யூஎன்அரே' என்ற கட்டளையைச் சொல்லித் தருகிறதா என்று பாருங்கள். அது பழைய கட்டளை. சமக்குறியின் இரு பக்கமும் தேவைக்கு மேல் இடைவெளி விடும். ஒரே பக்கத்தில் தனிச் சமன்பாடும் அடுக்குச் சமன்பாடும் வந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இப்போது எல்லாரும் பயன்படுத்துவது அமெரிக்கக் கணிதக் கழகத்தின் 'ஏஎம்எஸ்மேத்' தொகுப்பில் உள்ள 'அலைன்'. பழைய கட்டளையைப் போதிக்கும் பாடத்தை நன்றி சொல்லி மூடிவிடலாம். இப்படிக் காலாவதியான கட்டளைகளை மட்டும் தொகுத்து, எதற்குப் பதில் எது என்று சொல்லும் கையேடு ஒன்றும் உண்டு. அதன் பெயர் 'எல்டூடாபு'. அடிப்படை கொஞ்சம் பிடிபட்டதும் புரட்ட வேண்டிய கையேடு அது.

பிழைச் செய்திகளைப் பற்றிப் பாடம் பேசுகிறதா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. என் கணக்கில் இதுதான் முக்கியம். எல்லாம் சரியாக நடக்கும் பாடங்களை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மாணவி வீட்டில் தனியாக உட்கார்ந்து கோப்பை ஓடவிடும்போது திரையில் 'மிஸ்ஸிங் டாலர் இன்சர்ட்டட்' என்று வந்து நிற்கும். டாலருக்கும் தன் அறிக்கைக்கும் என்ன உறவு என்று அவள் விழிப்பாள். லேடெக்கில் கணிதப் பகுதியை டாலர் குறிகளுக்குள் எழுதுவது வழக்கம். கீழ்க்குறி போடும் அடிக்கோட்டை அதற்கு வெளியே, ஒரு கோப்பின் பெயரிலோ மின்னஞ்சல் முகவரியிலோ தெரியாமல் எழுதிவிட்டால் இந்தச் செய்தி வரும். அடுத்து அடிக்கடி வருவது 'அன்டிஃபைன்டு கன்ட்ரோல் சீக்வென்ஸ்'. கட்டளையின் எழுத்துக்கூட்டு தவறு, இல்லையென்றால் அந்தக் கட்டளைக்குரிய தொகுப்பை அழைக்க மறந்தாயிற்று என்று பொருள். ஒரு தவறு நாற்பது பிழைச் செய்திகளைக் கக்கும். முதல் செய்தியை மட்டும் படித்து, அது சொல்லும் வரி எண்ணுக்குப் போய்த் திருத்தி, மறுபடி ஓடவிட வேண்டும். மற்றவை பெரும்பாலும் தாமாக மறையும். இந்தச் சில வாக்கியங்களைச் சொல்லாத பாடம் எத்தனை பக்கம் இருந்தாலும் அரைப் பாடம்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உலகின் அறிவியல் ஆய்விதழ்களின் பக்கங்கள் பெருமளவில் மார்க்அப் செய்யப்படுவதே நம் பக்கத்தில்தான். சென்னையில் டிஎன்க்யூ, புதுச்சேரியில் இன்டெக்ரா போன்ற நிறுவனங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பதிப்பாளர்களுக்காக இந்த வேலையைச் செய்கின்றன. ஆசிரியர் அனுப்பிய வேர்டு கோப்போ லேடெக் கோப்போ வரும். காப்பி எடிட்டிங் நடக்கும். டேகிங் செய்து எக்ஸ்எம்எல் ஆகும். வேலிடேஷனில் தேறினால் பக்கமாகும். புரூஃப் ஆசிரியருக்குப் போகும். எந்தக் குறிச்சொல் எங்கே வரலாம், எதற்குள் எது அடங்கும் என்று விதிக்கும் 'டிடிடி' என்ற கோப்பைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய தொழிலாளர்கள் அங்கே இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்துப் பட்டதாரிகளுக்குப் புதுச்சேரி பக்கத்து ஊர்தான். ஆனால் அந்த வேலைக்கான பயிற்சி, நிறுவனத்துக்குள்ளேயே வாய்மொழியாகவும் உள்சுற்றுக் கையேடுகளாகவும் நடக்கிறது. வேலையில் சேர்ந்தால் கற்கலாம். கற்றுக்கொண்டு சேர வழியில்லை. இத்தனை காலத் தொழில் அறிவில் ஒரு சிறு பங்கு தமிழில் நூலாக வந்திருந்தால்கூட இந்தக் கட்டுரைக்குத் தேவை பாதியாகக் குறைந்திருக்கும்.

மலையாளிகள் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டார்கள். (கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரைச் சொல்லவில்லை, கேரளத்தவரைச் சொல்கிறேன்.) கேரளப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் கே.எஸ்.எஸ். நம்பூரிப்பாடு டெக்கை அங்கே அறிமுகப்படுத்தினார். அந்த வட்டத்திலிருந்து இந்திய டெக் பயனர் குழு திருவனந்தபுரத்தில் உருவாயிற்று. உலக டெக் பயனர்களின் ஆண்டு மாநாடு 2002இல் திருவனந்தபுரத்திலேயே நடந்தது. 2003இல் அந்தக் குழு 'லேடெக் டுடோரியல்ஸ்: எ பிரைமர்' என்ற நூலை வெளியிட்டது, பதிப்பாசிரியர் ஈ. கிருஷ்ணன். யாரும் படியெடுக்கலாம், திருத்தலாம் என்ற க்னூ ஆவண உரிமத்தில் கொடுத்தார்கள். ஆங்கில நூல்தான் என்றாலும் இந்திய வகுப்பறையின் வேகம் அறிந்து எழுதியது. ஒரு வரி ஆவணத்தில் தொடங்கி, என்ன தட்டச்சிட்டால் என்ன கிடைக்கும் என்று காட்டிக்காட்டிப் போகும். கணித அச்சுக்கோப்பு பற்றிய பகுதி இன்றும் நன்றாக இருக்கிறது.

ஆனால் தமிழில் அறிக்கை எழுத நினைப்பவருக்கு அந்த நூல் உதவாது. அதற்குக் காரணம் விளக்கிச் சொல்லத் தக்கது.

'வெள்ளிமலை' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். யுனிகோடு முறையில் கணினிக்குள் அது உச்சரிப்பு வரிசையில் கிடக்கிறது: முதலில் வகரம், பிறகு ஒற்றைக்கொம்பு, பிறகு ளகரம், புள்ளி, மீண்டும் ளகரம், இகரக் குறி, மகரம், லகரம், கடைசியில் ஐகாரத்தின் கொம்பு. எழுதும்போதோ ஒற்றைக்கொம்பு வகரத்துக்கு முன்னால் வர வேண்டும். ஐகாரக் கொம்பு லகரத்துக்கு முன்னால் வர வேண்டும். அடிவாரத்து அணையின் பெயரான 'கோமுகி' இன்னும் சுவாரசியம். ஓகாரக் குறி சேமிப்பில் ஒரே எண்தான். திரையில் அது இரண்டாகப் பிரிந்து, இரட்டைக்கொம்பு ககரத்துக்கு இடப்புறமும் துணைக்கால் வலப்புறமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய எழுத்துருவும் அச்சுக்கோக்கும் நிரலும் ஒத்துழைக்க வேண்டும். நூத்தின் டெக் வந்த எழுத்துகளை வந்த வரிசையில் அடுக்கும். அதற்கு யுனிகோடும் தெரியாது. தமிழை நேராகக் கொடுத்தால் வெள்ளிமலை சிதைந்துபோகும். அந்தக் காலத்தில் ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டச்சிட்டு, இடையில் இன்னொரு நிரலால் மாற்றித்தான் அச்சுக்குக் கொண்டுபோனார்கள்.

2004இல் ஜோனதன் கியூ உருவாக்கிய சீடெக் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. அது யுனிகோடை நேராகப் படிக்கும். கணினியில் இருக்கும் ஓபன்டைப் எழுத்துரு எதையும் எடுத்துக்கொள்ளும். கொம்புகளைத் தானே இடம் மாற்றும். திருவனந்தபுரத்து நூல் வந்தது அதற்கு முந்தைய ஆண்டு. அதனால்தான் தமிழுக்கு அதில் வழியில்லை. லுவாலேடெக் என்ற இன்னொரு வடிவமும் 2020ஆம் ஆண்டு டெக் லைவ் வெளியீட்டிலிருந்து, 'ஹார்ஃப்பஸ்' என்ற எழுத்து வடிவ நிரலைக் கேட்டு அமைத்தால், தமிழைப் பிசகில்லாமல் கோக்கிறது. நீளமான தமிழ்ச் சொற்களை வரியின் முனையில் முறிப்பதற்கான விதிகளும் டெக்கில் இருக்கின்றன. மலையாளக் கணிமையாளர் சந்தோஷ் தோட்டிங்கல் இந்திய மொழிகளுக்கு எழுதியவற்றில் தமிழும் ஒன்று. ஆக, தமிழில் எழுதப்போகிறவர் எந்தப் பாடத்தை எடுத்தாலும் அதில் 'சீலேடெக்' அல்லது 'லுவாலேடெக்' என்ற பெயர் வருகிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். வராத பாடம் வேறு எல்லா வகையிலும் சிறந்ததாக இருந்தாலும் அவருக்கு ஆகாது.

கரியாலூர்ப் பெண்ணுக்கு முதல் பாடமாக நான் சொல்வது ஐஐடி பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்'. வேதிப்பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய திட்டம். ஒன்றிய அரசின் கல்வித் துறை நிதியில் வளர்ந்தது. லேடெக் தொடர் அதில் தொடக்க காலத்திலேயே வந்தது. கடிதம் எழுதுதல், அறிக்கை எழுதுதல், கணிதக் குறியீடுகள், சமன்பாடுகள், அட்டவணையும் படமும், நூற்பட்டியல், பீமர் தொகுப்பில் விளக்கக்காட்சி என்று ஒவ்வொன்றும் பத்து நிமிட அளவில் தனித்தனிப் பாடம். குரல் தமிழில் கிடைக்கிறது. திரையில் தெரியும் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இருக்கும். இது நல்ல ஏற்பாடு என்பேன். கட்டளைகள் எப்படியும் ஆங்கிலம்தான். விளக்கம் தாய்மொழியில் இருந்தால் போதும். காணொளியைத் திரையின் ஒரு பாதியிலும் மென்பொருளை மறு பாதியிலும் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் செய்து பார்க்கும்படி பாடங்களை அமைத்திருக்கிறார்கள். குறை ஒன்று: அவற்றில் சில பாடங்களுக்கு வயதாகிவிட்டது; திரையில் தெரிவதும் உங்கள் கணினியில் தெரிவதும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. அடிப்படை மாறவில்லை என்பதால் சமாளிக்கலாம்.

இரண்டாவது கட்டத்துக்கு டோபியாஸ் ஓட்டிகர் எழுதி வரும் லேடெக் அறிமுக நூல். சுருக்கப் பெயர் 'எல்ஷார்ட்'. உலகெங்கும் கணித மாணவர்கள் கையில் இருப்பது இதுதான். இதற்காக இணையத்தில் அலைய வேண்டியதே இல்லை. இது பலருக்குத் தெரியாத செய்தி. டெக் லைவ் என்ற முழுத் தொகுப்பைக் கணினியில் நிறுவினால் ஆயிரக்கணக்கான கையேடுகளும் கூடவே வந்துவிடும். கட்டளைச் சாளரத்தில் 'டெக்ஸ்டாக்' என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு, 'எல்ஷார்ட்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் நூல் திறக்கும். 'எல்டூடாபு' என்று அடித்தால் முன்பு சொன்ன காலாவதிப் பட்டியல் வரும். ஒரு தொகுப்பின் பெயரை அடித்தால் பெரும்பாலும் அதை எழுதியவரே எழுதிய கையேடு வரும். சிக்னல் தேவையில்லை. தொகுப்பின் அளவு 5 ஜிபிக்கு மேல் என்பதால் மலையில் உட்கார்ந்து பதிவிறக்குவது நடக்காத காரியம். கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ கல்லூரி ஆய்வகத்தில் ஒரு முறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் வகுப்பு முழுவதும் பகிரலாம். உரிமத்தில் தடையே இல்லை. ஓவர்லீஃப் போன்ற இணையவழிக் கருவிகள் வசதியானவைதான், நிறுவும் தொல்லை கிடையாது. ஆனால் இணைப்பு அறுந்தால் அறிக்கை தொங்கும். மலைக்குப் போகிறவர் கணினியிலும் ஒரு பிரதி வைத்திருப்பது நல்லது.

இப்போதெல்லாம் சந்தேகத்தை நேராகச் சாட்ஜிபிடியிடம் கேட்கிறார்கள். கேட்கலாம். பிழைச் செய்திக்குப் பொருள் சொல்வதில் அது கெட்டி. ஆனால் பழைய கட்டளையையும் புதியதையும் ஒரே கோப்பில் கலந்து கொடுக்கும். இல்லாத தொகுப்பின் பெயரை இருப்பதுபோலச் சொல்வதும் உண்டு. பெயரை 'டெக்ஸ்டாக்'கில் அடித்துப் பாருங்கள். கையேடு வந்தால் நம்பிக் கற்கலாம். வராவிட்டால் அந்தப் பெயரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

லேடெக் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். தமிழிலேயே மார்க்அப் கற்க மிகச் சிறந்த இடம் தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு இருக்கும் அந்தக் களஞ்சியம் முழுவதும் ஒரு மார்க்அப் மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கல்வராயன் மலை பற்றிய கட்டுரையைத் திறந்து, தொகுக்கும் பொத்தானை அழுத்தி மூலத்தைப் பாருங்கள். == வரலாறு == என்றால் உட்தலைப்பு. '''கரியாலூர்''' என்று மும்மூன்று ஒற்றை மேற்கோள் இட்டால் தடித்த எழுத்து. [[வெள்ளிமலை]] என்றால் அந்தப் பெயருள்ள கட்டுரைக்கு இணைப்பு. [[பகுப்பு:கள்ளக்குறிச்சி மாவட்டம்]] என்று அடியில் எழுதினால் கட்டுரை அந்த வகையில் போய்ச் சேரும். குறிகள் எல்லாம் வெறும் சின்னங்கள். சொற்கள் எல்லாம் தமிழ். கட்டுரையைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் இருந்தால் மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்றுதான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. இப்படி எல்லை மாறிய மாவட்டங்களின் சிற்றூர்க் கட்டுரைகளில் திருத்தவும் சேர்க்கவும் வேலைக்குப் பஞ்சமே இருக்காது. கற்கிறவர் கைப்பழக்கத்துக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது.

எச்டிஎம்எல் வேண்டுவோருக்குத் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் எச்டிஎம்எல்', 'எளிய தமிழில் சிஎஸ்எஸ்' ஆகிய மின்னூல்கள் கணியம் இணையதளம் வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. தொடக்கத்துக்கு இவை போதும். அதன் பிறகு மொசில்லாவின் எம்டிஎன் தளத்துக்குப் போய்விடுவது நல்லது.

தமிழ் இலக்கியமும் வரலாறும் படிப்பவர்களுக்கு இதில் வேலையில்லை என்று எண்ணுவது பழைய எண்ணம். கல்வெட்டுகளை எக்ஸ்எம்எல்லில் பதியும் பணி 2019இல் 'தர்மா' என்ற ஐரோப்பியத் திட்டத்தின்கீழ் தொடங்கியது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் அதில் பங்கேற்றன. தமிழ்க் கல்வெட்டுகள் அதில் கணிசம். கல் உடைந்து எழுத்து போனது ஒரு வகை. எழுத்து இருக்கிறது, தேய்ந்து ஐயமாக இருக்கிறது என்பது வேறு வகை. போன எழுத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது மூன்றாவது வகை. அச்சு நூலில் இவை அடைப்புக்குறிகளாகவும் புள்ளிகளாகவும் வரும். அதுவும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிச்சொல். இன்ன ஊர்க் கல்வெட்டுகளில் ஊகித்து நிரப்பிய இடங்களை மட்டும் காட்டு என்று கணினியிடம் கேட்கலாம். இதற்கென டேனியல் பலோக், ஆர்லோ கிரிஃபித்ஸ் இருவரும் 2020இல் எழுதிய குறியிடல் வழிகாட்டி பொதுவில் கிடைக்கிறது. கையில் ஒரு கல்வெட்டுப் படி வைத்துக்கொண்டு படித்தால் அதைவிடத் தெளிவான பாடநூல் இந்தத் துறையில் இல்லை. தெளிவுக்குக் காரணம் எளியது: எழுதியவர்கள் நாள்தோறும் அதே வேலையைச் செய்கிறவர்கள். திருவனந்தபுரத்து நூலுக்கும் இதே காரணம்தான் பொருந்தும். கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் எழுதிய பாடத்தைவிட, தன் வேலைக்காகத் தட்டுத்தடுமாறிக் கற்றவர் எழுதியது நன்றாக இருப்பதை இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

மார்க்டவுன் பற்றி ஒரு வரி. ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட இந்த மொழியில் வரியின் தொடக்கத்தில் ஒரு வேலிக்குறி (#) போட்டால் தலைப்பு, இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. ஒரு மதியத்தில் கற்றுவிடலாம். இதற்காகக் காசு கொடுத்து வகுப்புக்குப் போவது வீண்.

இனி ஒரு கோரிக்கை. எல்ஷார்ட் நூல் தாய்லாந்து மொழி, வியட்நாமியம், மங்கோலியம் உட்படப் பல மொழிகளில் வந்துவிட்டது. தமிழில் இல்லை. 'லேர்ன் லேடெக்' என்ற பெயரில் 16 சிறு பாடங்களைக் கொண்ட இன்னொரு தொடர் 2020இல் வெளியாயிற்று. எடுத்துக்காட்டுகளைப் படித்துக்கொண்டே ஓடவிட்டுப் பார்க்கலாம். பழைய கட்டளை ஒன்றும் கிடையாது. அதற்கு மராத்தி வடிவம் இருக்கிறது. தமிழ் வடிவம் இல்லை. மொழிபெயர்க்க யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, உரிமம் அனுமதிக்கிறது. ஏதாவது ஒரு கல்லூரியின் கணிதத் துறை ஆளுக்கு ஒரு பாடமாகப் பிரித்துக்கொண்டால் ஒரு பருவ விடுமுறையில் முடிகிற வேலை. தமிழுக்கு வேண்டிய சீலேடெக் அமைப்பைப் பதினேழாவது பாடமாகத் தாங்களே எழுதிச் சேர்க்கலாம். மூலக் கோப்புகள் எல்லாம் மார்க்டவுனில் இருக்கின்றன.